ஏழாம் கூடையும் என் இருமலும்

பிளாஸ்டிக் என்றால் தண்ணீரில் மிதக்கும் என்று நீங்கள் நம்பிக்கொண்டிருந்தால், இந்த விமானம் தோஹாவில் இறங்குவதற்குள் அந்த நம்பிக்கையைக் கைவிட்டுவிடுங்கள். இந்த ஒரு தவறான எண்ணத்தால் எத்தனையோ குடும்பங்கள் இடுப்பளவு தண்ணீரில் இறங்க நேர்ந்திருக்கிறது. எத்தனையோ என்பது சற்று மிகை. ஒரு குடும்பம். ஆனால் அது என் குடும்பம். குடம் மிதக்கிறது என்றால் உள்ளே இருக்கும் காற்றால் மிதக்கிறது. பிளாஸ்டிக்கிலேயே தண்ணீரைவிட அடர்த்தி கூடிய வகைகள் உண்டு. அவை கல்லைப் போலப் போய் அடியில் உட்கார்ந்துகொள்ளும். கல்லூரியில் பௌதிகம் நடத்தி ஓய்வு பெற்றவன் சொல்கிறேன். அன்றைக்கும் சொன்னேன். கரையில் நின்று கத்திச் சொன்னேன். யார் கேட்டார்கள்?

உட்காருங்கள், சார். ஜன்னல் பக்கமே உட்காருங்கள். அந்த சீட்டுக்கு ஆள் வரமாட்டார். கழிப்பறைக் கதவுக்குப் பக்கத்தில் முழங்காலை மடக்கிக்கொண்டு வருவதற்கு இது எவ்வளவோ மேல். எனக்கு நடு சீட்டே போதும். ஐந்து மாதமாக இரண்டு பேருக்கு நடுவில் உட்கார்ந்து பழகிவிட்டது.

என் பெயர் தாணுலிங்கம். நாகர்கோவில். மகள் நித்திலா மிஷிகனில் இருக்கிறாள். மாப்பிள்ளை தீபன், திருச்செங்கோட்டுப் பையன். அவனுடைய அப்பா அர்த்தநாரி, ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகள் வைத்திருப்பவர். அவர் வண்டி போய்த் துளை போடாத மாநிலம் கிடையாது. வேறு ஊர், வேறு ஜாதி, அவரைக் கேட்காமல் நடந்த கல்யாணம். அவர் வரவில்லை. அன்றிலிருந்து மகனோடு பேச்சும் இல்லை. நடுவில் சம்பந்தியம்மாள் இறந்துபோனார். தீபன் பறந்து வந்தான், கொள்ளி வைத்தான், காரியம் முடிகிறவரை இருந்தான், திரும்பினான். ஒரே வீட்டுக்குள் இருந்தும் அப்பாவும் மகனும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லையாம்.

பேத்தி பிறந்த பிறகுதான் மனிதர் அசைந்தார். "பேத்தியப் பாக்க வர்றேன் தாயி. வேற யாரையும் பாக்க வரலை" என்று என் மகளிடம் ஃபோனில் தெளிவாகச் சொல்லிவிட்டுத்தான் டிக்கெட் எடுக்கச் சம்மதித்தார். நானும் தனி ஆள், என் மனைவி போய் வெகுகாலம் ஆகிறது. இரண்டு கிழவர்களும் ஒரே விமானத்தில் போய் ஒரே விமானத்தில் திரும்புவதென்று ஏற்பாடு.

போன முதல் நாளே எனக்கு உத்தியோகம் கிடைத்துவிட்டது. சாப்பாட்டு மேஜையில் நான் நடுவில். இந்தப் பக்கம் அர்த்தநாரி, அந்தப் பக்கம் தீபன்.

"உங்க மாப்பிள்ளைகிட்டச் சொல்லுங்க சம்பந்தி, ரசத்துல உப்புப் பத்தலைன்னு."

"மாமா, உப்பு டப்பா அவர் கைக்குப் பக்கத்துலதான் இருக்குன்னு சொல்லுங்க."

நான் இரண்டையும் சொல்வேன். முழுக்கச் சொல்வேன். ஒரு செய்தியைச் சுருக்குவது அதைத் திரிப்பதற்குச் சமம் என்பது என் கொள்கை. என் மாணவர்களிடம் கேட்டுப் பாருங்கள், நான் சுருக்கமாக எதையாவது சொன்னதுண்டா என்று.

ஒரு வாரம் போனது. நித்திலா என்னைத் துணி மடிக்கிற சாக்கில் மாடிக்குக் கூப்பிட்டாள். "அப்பா, இவங்க ரெண்டு பேரும் முட்டிக்காம இந்த அஞ்சு மாசம் ஓடணும். மாமா கோவிச்சுக்கிட்டுப் போனார்னா இனிமே இந்த வாசல் மிதிக்க மாட்டார். தீபன் வெளிய காட்டிக்க மாட்டான்ப்பா. ஆனா ஏர்போர்ட்டுக்கு அவரைக் கூப்பிடப் போறதுக்கு முன்னாடி மூணு சட்டை மாத்தினான். நீங்க அவரைக் காலையில எங்கேயாவது கூட்டிட்டுப் போங்க. அவர் மனசு கோணாமப் பாத்துக்கோங்க."

இதுதான் எனக்கு இட்ட கட்டளை. மனசு கோணக் கூடாது. நீங்களே சொல்லுங்கள், நான் செய்ததெல்லாம் இந்த ஒரு வாக்கியத்துக்குள் அடங்குகிறதா இல்லையா?

வீட்டுக்குப் பின்தெருவில் இறங்கினால் ஆறு. ஆறு என்றால் நீங்கள் நினைக்கிற ஆறு இல்லை, தண்ணீர் ஓடுகிற ஆறு. அதன் கரையோரமாகக் கொஞ்ச தூரம் போனால் டிஸ்க் கால்ஃப் மைதானம் ஒன்று உண்டு. பந்தும் மட்டையும் இல்லாத கால்ஃப் அது. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய பிளாஸ்டிக் தட்டை வீசவேண்டும். தூரத்தில் ஒரு கம்பம், கம்பத்தில் ஒரு இரும்புக் கூடை, கூடைக்கு மேல் சங்கிலிகள் தொங்கும். தட்டு சங்கிலியில் பட்டு கலகலவென்று கூடைக்குள் விழவேண்டும். எத்தனை வீச்சில் விழுகிறது என்பதுதான் கணக்கு, குறைவாக வீசியவன் ஜெயித்தவன். பதினெட்டுக் கூடைகள். வில்லோ மரங்கள், காலையில் தண்ணீர்மேல் மூடுபனி, ஒற்றைக்காலில் ஒரு சாம்பல் நாரை. அழகான இடம் என்று எல்லாரும் சொல்கிறார்கள். இருக்கலாம். எனக்கு அங்கே மேலே பார்க்க நேரம் கிடைத்ததில்லை.

தீபனுக்கு இந்த விளையாட்டில் பைத்தியம். அலமாரி நிறையத் தட்டு. அதில் ஒரு பையை எடுத்துக்கொண்டு நாங்கள் கிளம்பினோம். நான் விதிமுறைப் புத்தகத்தை முந்தின நாளே படித்துவிட்டேன். தட்டு ஏன் கடைசியில் ஒரு பக்கமாகச் சாய்கிறது, சுழற்சி குறையும்போது என்ன நடக்கிறது என்பதையெல்லாம் முதல் கூடையிலேயே சம்பந்திக்கு விளக்கினேன். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கேட்டார்.

"முடிஞ்சுதுங்களா?"

"அடிப்படை முடிந்தது."

"அப்ப வீசலாங்களா?"

குளத்தில் சில்லுக்கல் எறிகிற மாதிரி பக்கவாட்டில் வீசினார். தட்டு புதருக்குள் போனது. நான் சாஸ்திரப்படி வீசினேன். மரத்தில் அடித்தது. அது நான் வேண்டுமென்றே செய்தது, சார். பெண்ணைக் கொடுத்தவன் சம்பந்தியைத் தோற்கடிக்கலாமா? ஐந்து மாதமும் என் தட்டு மரத்தில் அடித்ததெல்லாம் மரியாதை நிமித்தம்தான்... மன்னியுங்கள். விமானத்துக்குள் காற்று வறட்சி, தொண்டை கமறுகிறது. தண்ணீர் வேண்டாம், சரியாகிவிடும்.

அன்றிரவு சாப்பிடும்போது தீபன் கேட்டான். "மாமா, அவர் மொத்தம் எத்தனை வீச்சு எடுத்தாராம்?" நான் முழுத் தொகையைச் சொன்னேன். தீபன் சிரித்துவிட்டான். கேலிச் சிரிப்பு இல்லை, சாதாரணமாக வந்த சிரிப்பு. ஆனால் அர்த்தநாரி பாதித் தோசையோடு கையைக் கழுவிவிட்டார். நித்திலா என்னைப் பார்த்தாள். மனசு கோணிவிட்டது.

மறுநாள் நான் ஒரு முடிவோடு போனேன். ஏழாவது கூடை ஆற்றின் வளைவில் இருக்கிறது. வீசுகிற மேடையிலிருந்து பார்த்தால் கூடை தெரியாது. ஆற்றின் ஒரு மூலைக்கு மேலே வீசி, வில்லோ மரத்தைத் தாண்டி அந்தப் பக்கம் விழச் செய்யவேண்டும். ஆற்றுக்குள் விழுந்தால் எங்கே விழுந்தது என்று பார்க்க ஒருவர் முன்னால் போய் நிற்கவேண்டும். நான் போய் நின்றேன். சம்பந்தியின் தட்டு கூடைக்கு வெகு தூரத்தில் விழுந்தது. நான் சுற்றிப் பார்த்தேன். நாரை மட்டும் இருந்தது. காலால் தட்டைத் தள்ளினேன். புல்லில் அது சரசரவென்று சத்தம் போட்டது. சத்தம் கேட்காமலிருக்க இருமினேன்.

தள்ளினேன், இருமினேன். தள்ளினேன், இருமினேன்.

"நல்ல இடத்துலதான் விழுந்திருக்குதுங்களா?" என்று வந்து கேட்டார்.

"காற்று சாதகம்" என்றேன்.

அதற்கப்புறம் எல்லாக் கூடைகளிலும் நானே முன்னால் போனேன். வயதான காலத்தில் எவ்வளவு நடை தெரியுமா? அவர் வீசுவார், நான் ஓடுவேன், தள்ளுவேன், இருமுவேன், திரும்பி வந்து என் தட்டை வீசுவேன், மறுபடி ஓடுவேன். என் முழங்கால் இரண்டும் இந்தக் குடும்பத்துக்காகத் தேய்ந்தவை.

ஆனால் பலன் இருந்தது. ராத்திரி கணக்கைச் சொல்லும்போது தீபனின் புருவம் உயர்ந்தது. "பரவாயில்லையே. மாமா, பதினொண்ணாம் கூடையில எந்தப் பக்கமா வீசறாராம்?" நான் கேட்டுச் சொன்னேன். "தண்ணியை ஒட்டித்தான்னு சொல்லுங்க" என்றார் அவர். "கெட்டிக்காரத்தனம்னு சொல்லுங்க" என்றான் இவன். ஒருநாள் தீபன் எனக்கு ஒரு புதுத் தட்டு கொடுத்தான், ஆரஞ்சு நிறம். "இது அவருக்குச் சரியா வரும், கொடுத்துருங்க மாமா." கொடுத்தேன். அர்த்தநாரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அன்றிரவு அது அவருடைய தலையணைக்குப் பக்கத்தில் இருந்தது. ஒரே அறையில்தானே படுத்துக்கொண்டிருந்தோம், பார்த்தேன்.

கோடை இப்படிப் போனது. நான் தள்ளினேன், அவர்கள் என் வழியாகப் பேசினார்கள். எல்லாம் ஒழுங்காக நடந்துகொண்டிருந்தது.

திரும்புகிற நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை. இலையெல்லாம் நிறம் மாற ஆரம்பித்துவிட்டது, காற்றில் என்னவோ தூசு. நான் ஏழாவது கூடைக்கு முன்னால் போய் நின்றேன். சம்பந்தி மேடையிலிருந்து ஆரஞ்சுத் தட்டை வீசினார். மரத்துக்கு மேலே வந்தது, தயங்கியது, வலப்பக்கம் சாய்ந்தது, சங்கிலியில் கலகலவென்று விழுந்தது. ஒரே வீச்சு. நான் கூடையிலிருந்து வெகு தூரத்தில், கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தேன். நான் தொடவே இல்லை, சார். அதற்கு ஏஸ் என்று பேர். தீபன் இத்தனை வருஷம் ஆடியும் அவனுக்கு ஒன்றுகூட விழுந்ததில்லை. அதற்கென்று அங்கே ஒரு வழக்கமே உண்டு. கூட இருந்து பார்த்தவர் அந்தத் தட்டில் கையெழுத்துப் போடவேண்டும். நுழைவாயில் பலகையில் அதை ஆணியடித்துத் தொங்கவிடுவார்கள். அப்புறம் அதை யாரும் வீசக் கூடாது.

நான் கத்தத்தான் வாயைத் திறந்தேன். தூசு தொண்டையில் போய்விட்டது. இருமல் வந்தது. நிற்காமல் வந்தது.

அர்த்தநாரி மெதுவாக நடந்து வந்தார். கூடைக்குள் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"ஏனுங்க சம்பந்தி, கூடைக்குள்ளயே எடுத்துப் போட்டுட்டீங்களா?"

"இல்லை! தானாக விழுந்தது!"

"இருமுனீங்களே."

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. "உங்களுக்குத் தெரியுமா?"

"மொத நாளே தெரியுங்க. ரிக் வண்டிச் சத்தத்துக்குள்ள எந்தச் சக்கரத்துல பல்லு தேயுதுன்னு கேட்டவனுக்கு, புல்லுல தட்டு நகர்றது கேக்காதுங்களா? சரி, பாவம், அதுல உங்களுக்கு ஒரு சந்தோசம்னு விட்டுப்போட்டேன். அந்தப் பையனும் நல்லா ஆடறேன்னு நெனைச்சுட்டுக் கெடந்தான். அதுவும் நல்லாத்தான் இருந்துச்சு." கூடைச் சங்கிலியை விரலால் ஆட்டினார். "ஆனா ஏஸெல்லாம் போடாதீங்க. அது அதிகம்."

சத்தியம் செய்தேன். என் மனைவி மேல் சத்தியம் செய்தேன். அவர் தட்டை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தார்.

இங்கே ஒரு விஷயம் சொல்லவேண்டும். நான் பொய் சொல்லாதவன். உண்மை ஒன்று நடந்திருக்கிறது, அது பதிவாகாமல் போவதா? ராத்திரி சாப்பாட்டில் நானே அறிவித்தேன். "அர்த்தநாரி இன்று ஏழாவது கூடையில் ஏஸ்."

தீபன் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டான். "நிஜமாவா? மாமா, நிஜமாவான்னு கேளுங்க!"

"அவன் மாமனாரோட இருமல் போட்ட ஏஸுன்னு சொல்லுங்க" என்றார் அர்த்தநாரி சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தபடி.

"என்ன இருமல்?"

நிரூபணம் தேவைப்பட்டது. நான் நிரூபித்தேன். இது தள்ளப்படாத வீச்சு என்பதை நிறுவவேண்டுமென்றால், தள்ளப்பட்ட வீச்சுகளின் இயல்பை முதலில் விளக்கத்தானே வேண்டும்? ஒன்றிலிருந்து தொடங்கி ஒவ்வொரு கூடையிலும் எவ்வளவு தூரம் தள்ளுவேன், எந்தக் காலால் தள்ளுவேன், எப்போது இருமுவேன் என்று வரிசையாகச் சொன்னேன். நித்திலா குழந்தையைத் தூக்கிக்கொண்டு, "அப்பா, போதும்" என்றாள். பாதியில் நிறுத்தினால் நிரூபணம் ஆகாது. முடித்துவிட்டுத்தான் நிறுத்தினேன்.

தீபன் உட்கார்ந்துவிட்டான். மூன்று மாதமாக அவன் ஆபீஸில் எல்லாரிடமும், எங்கப்பா இந்த வயதில் இப்படி ஆடுகிறார் என்று சொல்லிக்கொண்டிருந்தானாம். அது அப்போதுதான் தெரிந்தது. அர்த்தநாரியின் முகம் சிவந்து கறுத்தது. "டிக்கெட்ட முன்னாடி மாத்த முடியுமான்னு கேளுங்க சம்பந்தி" என்றார். நான் கேட்டேன். தீபன் மேஜையை விட்டு எழுந்து போய்விட்டான்.

மறுநாள் சனிக்கிழமை. கிளம்பும்போது தீபன் கார்ச் சாவியோடு வந்து நின்றான். ஐந்து மாதத்தில் அவன் எங்களோடு வந்தது அன்றுதான். நேராக ஏழாவது மேடைக்குப் போனோம். அர்த்தநாரி இடுப்பிலிருந்து ஆரஞ்சுத் தட்டை எடுத்தார்.

"உங்க மாப்பிள்ளையப் போய்க் கூடைகிட்ட நிக்கச் சொல்லுங்க சம்பந்தி. நீங்க எங்கூட நில்லுங்க. யாரும் தள்ள வேண்டாம், யாரும் இரும வேண்டாம். விழுதா இல்லையான்னு பாக்கட்டும்."

"மாமா, வேண்டாம்னு சொல்லுங்க! அந்தத் தட்டை எறியக் கூடாதுன்னு சொல்லுங்க, அதைப் பலகையில மாட்டணும்!"

இதை நான் எப்படிச் சொல்லியிருக்கவேண்டும்? வெறுமனே எறியாதீர்கள் என்று சொன்னால் அது உத்தரவு. ஏன் என்று சொன்னால்தான் செய்தி. "சம்பந்தி," என்று ஆரம்பித்தேன், "இந்த விளையாட்டில் ஒரு வழக்கம் இருக்கிறது. ஏஸ் விழுந்த தட்டு என்பது மற்றத் தட்டுகளிலிருந்து வேறுபட்டது. எந்த வகையில் என்றால்..."

தட்டு அவர் கையை விட்டுப் போய்விட்டது. காற்று எதிர்க்காற்று, நான் கவனித்திருந்தேன், அடுத்து அதைத்தான் சொல்வதாக இருந்தேன். மூலையைத் தாண்டவில்லை. ஆற்றின் நடுவில் தொப்பென்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

தீபன் என்னைப் பார்த்தான். இரண்டு கைகளையும் விரித்தான். பிறகு ஷூவோடு ஆற்றில் இறங்கிவிட்டான். குளிர்ந்த தண்ணீர், சார். தட்டு ஓட்டத்தோடு கீழே போயிருக்கும் என்று நினைத்து ஓடுகிற பக்கமாக ஓடுகிறான். நான் கரையில் நின்று கத்துகிறேன். "மிதக்காது தீபன்! அடர்த்தி அதிகம்! விழுந்த இடத்திலேயே பார்!" அவன் கேட்கவில்லை. ஒரு பாறையில் கால் வழுக்கி முகம் குப்புற விழுந்தான்.

"டேய்! பாத்துடா!"

பக்கத்தில் திரும்பினால் சம்பந்தி இல்லை. வேட்டியோடு ஆற்றுக்குள் பாதி தூரம் போய்விட்டார். "அந்தப் பக்கம் ஆழம்டா, இந்தப் பக்கம் வாடா! கையக் குடு! கையக் குடுறா தம்பி!"

"நீங்க ஏம்ப்பா இறங்குனீங்க, குளிருதுல்ல?"

"உனக்குக் குளிருலயா?"

நான் இங்கே அடர்த்தியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இரண்டு பேரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, அடியில் காலால் துழாவிக்கொண்டு, என் பக்கம் திரும்பவே இல்லை. வெயில் ஏறுகிறவரை தேடினார்கள். வேறு யார் யாரோ தொலைத்த தட்டுகள் கிடைத்தன, பச்சை, நீலம், ஒன்றில் நத்தை. ஆரஞ்சு கிடைக்கவில்லை.

மறுநாள் காலை எழுந்து பார்த்தால் சம்பந்தியின் கட்டில் காலி. நீளக் காம்பு வைத்த வலை வாங்கி இரண்டு பேரும் போய்விட்டார்களாம். அடுத்த நாளும் அப்படியே. காரில் எனக்கு இடம் இருக்காது. பின் சீட்டு முழுக்க வலையும் முழங்கால் உயர ரப்பர் ஷூவும். அங்கே தட்டின் அடியில் பேரும் ஃபோன் நம்பரும் எழுதி வைப்பார்கள். கண்டெடுத்ததற்கெல்லாம் தீபன் ஃபோன் செய்தான். வெள்ளைக்காரர்கள் ஒவ்வொருவராக வீட்டுக்கு வந்து தட்டை வாங்கிக்கொண்டு காபி குடித்துவிட்டுப் போனார்கள். அர்த்தநாரி வாசலில் நின்று "கம், கம்" என்று கூப்பிடுவார். சாப்பாட்டு மேஜையிலும் இடம் மாறிவிட்டது. நான் இப்போது குழந்தையின் உயர நாற்காலிக்குப் பக்கத்தில். உப்பு வேண்டுமென்றால் அவர்களே கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள்.

யோசித்துப் பாருங்கள். ஐந்து மாதம் அந்த மனிதருக்காக ஓடினவன் நான். ஒருநாள், "நீங்களும் வாங்க சம்பந்தி" என்று ஒரு பேச்சு? நித்திலாவிடம் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள், சிரிக்கிறாள், "நீங்க பெரிய காரியம் பண்ணியிருக்கீங்கப்பா" என்கிறாள். இப்படி ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் பேச எங்கே கற்றாள் என்று தெரியவில்லை.

இன்று விமான நிலையத்துக்கு எல்லாரும்தான் வந்தார்கள். என் பெட்டியை அர்த்தநாரியே தூக்கினார். வாசலில் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"சம்பந்தி, அந்த ஏழாங்கூடை. நெசமாத்தானுங்களா விழுந்துச்சு?"

"நிஜமாக" என்றேன்.

என் தொண்டையையே பார்த்துக்கொண்டு நின்றார். இருமல் வருகிறதா என்று பார்க்கிறார். வரவில்லை. வெகு நேரம் நின்றோம், வரவில்லை. அப்புறம் சிரித்தார். "டேய் தீபா!" என்று கூப்பிட்டுக்கொண்டே போனவர், திரும்பி வந்து சட்டைப் பையிலிருந்து இதை எடுத்து என் கையில் வைத்தார். இருமல் மிட்டாய். ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். எலுமிச்சை.

அவர் இல்லாமல் வருவதில் எனக்கு ஒன்றும் குறைவில்லை, சார். உண்மையைச் சொன்னால் நிம்மதியாக... மன்னியுங்கள். இந்த ஏசி. மிட்டாய் வாயில் இருக்கும்போதே வருகிறது.

டிக்கெட்டை அடுத்த மாதத்துக்கு மாற்றிக்கொண்டுவிட்டார். ஆறு உறைவதற்குள் எடுத்துவிடலாம் என்கிறார்களாம். ஜன்னல் சீட்டு அவருக்கென்று நான்தான் கேட்டு வாங்கியிருந்தேன். உங்கள் பையையும் எடுத்து வந்து மேலே வைத்துக்கொள்ளுங்கள்.